அவகாசம் வாங்கித் தந்தவர்களுக்கு

பௌர்ணமி இரவில் அவசரப் பிரிவில் பணியில் இருந்த சிஸ்டருக்கு,

திருவண்ணாமலை திருவூடல் தெருவிலிருந்து எழுதுகிறேன். கோயில் பக்கம் தேங்காய், பழம், கற்பூரம், வெற்றிலை பாக்கு வைத்து அர்ச்சனைத் தட்டு விற்கிற பெரியவரின் மகள் நான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, நிற்க முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கிய அப்பாவின் நாடியை முதலில் பிடித்துப் பார்த்தது நீங்கள்தான். டிஸ்சார்ஜ் ஆன அன்று நேரில் வந்து நன்றி சொன்னோம். "அதுக்கென்னம்மா, இதுக்குத்தானே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டீர்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பாராட்டும் சில நேரம் சங்கடமாகிவிடும் என்று அப்பா சொன்னார்.

ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதய ஆபரேஷன் செய்துகொண்டவர் நெஞ்சில் தழும்பு இருக்கும். சிறுநீரக மாற்று என்றால் செய்தித்தாளில் வரும். இந்தியாவில் அந்த அறுவை முதன்முதலாக வெற்றி பெற்றது 1971இல், பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் என்பதை நம் பக்கத்து மக்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பொட்டாசியம் ஏறி இறங்கியவரிடம் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. "ஊசி போட்டாங்க, சரியாப் போச்சு" என்பதோடு முடிந்துவிடும். விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா அப்படித்தான் சொன்னாள். அண்ணாமலையாருக்கு நெய் விளக்கும் போட்டு வந்தாள். எனக்கு அது போதவில்லை. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அந்த ஊசிகளில் என்ன இருந்தது, எந்த வரிசையில் போட்டீர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்துக்குக் கைகொடுத்தது என்று டாக்டர்களை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரிய உங்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

முதல் நன்றி, சந்தேகப்பட்டதற்கு.

பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலம். செருப்பில்லாத கால்கள். கொப்புளம், கெண்டைக்கால் பிடிப்பு, மயக்கம், சர்க்கரை இறங்கியது என்று அன்று இரவு உங்களிடம் வருகிற கூட்டம் கொஞ்சமா? அதில் ஒருவராகத்தான் அப்பாவும் வந்தார். ஈசான்ய லிங்கம் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார். "கால் தூக்க வரல" என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை. நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. மலை சுற்றியவருக்குக் கால் தளராமல் என்ன செய்யும்? "வீட்டுக்குப் போய் வெந்நீர் ஊத்திப் படுத்தா சரியாயிடும்" என்று கூட வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஊரே கால் வலியோடு நடக்கிற இரவில் ஒரு மனிதரின் கால் சோர்வை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தது நீங்கள்தான்.

நீங்கள் கேட்ட கேள்விகள் எனக்கு மனப்பாடம். "சுகர் எத்தனை வருஷமா? யூரின் போறாரா? என்ன மாத்திரை சாப்பிடறார்? பையில இருக்கறத எல்லாம் எடுத்து வைங்க." அப்பா இடுப்பில் முடிந்திருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினோம். சர்க்கரை மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன், அதோடு பாதி காலியான ஒரு பட்டை. மூட்டு வலிக்கென்று ஏதோ மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்தது. அந்தப் பட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்ததும் உங்கள் முகம் மாறியது. டாக்டர் வருவதற்குள் ஈசிஜி வண்டியை நீங்களே தள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

பல வருடச் சர்க்கரையும் டெல்மிசார்டனும் வலி மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பங்கைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகம். பல வருடச் சர்க்கரையில் அப்பாவுக்கு அது ஏற்கெனவே பாதிக்கு மேல் தளர்ந்திருந்தது. டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் காக்கும். ஆனால் பொட்டாசியம் வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். இத்தனைக்கும் மேல் வழியெல்லாம் அன்னதானத்தில் வாழைப்பழம், தாகத்துக்கு இளநீர். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மில்லிகிராம் அளவுக்கும் ஒரு இளநீரில் 600 மில்லிகிராம் அளவுக்கும் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வேர்த்து நடக்கிறவருக்கு இளநீரைவிட நல்ல பானம் ஏது? இதைப் படிக்கிற யாரும் இளநீரைக் கண்டு பயப்பட வேண்டாம். அப்பாவின் உடம்புக்குத்தான் அந்த இரவு அது சுமை.

ஈசிஜி காகிதத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது என் கண்ணில் நிற்கிறது. வழக்கமாக மெத்தென்று எழும்பி இறங்க வேண்டிய டி அலை ஒவ்வொரு துடிப்பிலும் ஒடுங்கி, உயர்ந்து, கூராக நின்றது. முன்னால் வர வேண்டிய சிறிய பி அலை கிட்டத்தட்டக் காணவில்லை. நடுவில் உள்ள பகுதி அகன்றிருந்தது. இன்னும் அகன்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்து நெளிகோடாகும், அதன் பிறகு இதயம் நின்றுவிடும் என்று பிறகு விளக்கினார். ஆய்வகத்திலிருந்து எண் வருவதற்கு முன்பே, "காகிதமே சொல்லுது, காத்திருக்க வேண்டாம்" என்று அவர் சொன்னார். நீங்கள் அதற்குள் ஆம்பூலை உடைத்திருந்தீர்கள்.

பொட்டாசியத்தின் கணக்கு விசித்திரமானது. உடம்பில் உள்ளதில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கும். வெளியே இருப்பது மிச்சம் 2 சதவீதம்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். 6.5 தாண்டினால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் ஒவ்வொரு இதயத் துடிப்பும் பிறக்கிறது, ஒவ்வொரு தசையும் அசைகிறது. வெளியே கொஞ்சம் கூடினாலே அந்த வித்தியாசம் குலைகிறது. கால் தூக்க வராமல் போனதும் அதனால்தான். பலருக்கு அந்த அறிகுறிகூட வருவதில்லை என்று கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

இரண்டாவது நன்றி, நீங்கள் அவ்வளவு நிதானமாகப் போட்ட கால்சியம் குளுக்கோனேட் ஊசிக்கு. பத்து மில்லி மருந்துதான். டாக்டரம்மா மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றினீர்கள். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் கையில் குத்திய வென்ஃப்ளான் குழாய் நன்றாக நிற்கிறதா என்று முதலில் உப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்தீர்கள். சில நிமிடம் கழித்து எடுத்த ஈசிஜியில் அகலம் முழுதாகக் குறையவில்லை. இன்னொரு ஆம்பூல். மூன்றாவது காகிதத்தில் பி அலை திரும்பி வந்தது. கால்சியம் ஒரு துளிப் பொட்டாசியத்தைக்கூட உடம்பிலிருந்து எடுப்பதில்லை. இதயத் தசையின் சவ்வைக் கொஞ்ச நேரத்துக்குக் காப்பாற்றி நிறுத்துகிறது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஒரு மனிதர் கிடைத்தார். அவருக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். சிட்னி ரிங்கர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை டாக்டர். 1882 வாக்கில், நோயாளிகளைப் பார்த்து முடித்த நேரங்களில், தவளையின் இதயத்தை எடுத்து உப்புக் கரைசலில் வைத்து எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்திருக்க வேண்டும். உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தார். அதில் இதயம் நெடுநேரம் துடித்தது. வடித்த தண்ணீருக்கு மாற்றியதும் சீக்கிரமே ஓய்ந்தது. லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த கால்சியம்தான் காரணம் என்று ரிங்கர் பிடித்துவிட்டார். முன்பு தாம் எழுதியது சரியல்ல என்பதையும் சேர்த்தே 1883இல் வெளியிட்டார். பொட்டாசியம் மிகுந்தால் இதயம் தளர்ந்து நிற்கும், கால்சியம் அதை எதிர்த்து நிற்கும் என்பது அந்தத் தவளை இதயங்களில் தெரிந்த உண்மை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'ஆர்.எல். பாட்டில் மாட்டு' என்கிறோமே, அதில் உள்ள ஆர் இந்த ரிங்கர்தான். 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அந்தக் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். ரிங்கர் 1910இல் காலமாகிவிட்டார். திருவண்ணாமலை என்ற பேரைக் கேட்டிருப்பாரா தெரியாது. அவர் பார்த்துச் சொன்னது என் அப்பாவுக்கு அரை மணி நேரம் வாங்கித் தந்தது.

அந்த அரை மணியை நீங்கள் வீணாக்கவில்லை. கால்சியம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சிரிஞ்சு தயாராக இருந்தது. பத்து யூனிட் இன்சுலின், கூடவே 25 சதவீத குளுக்கோஸ் 100 மில்லி. சர்க்கரை நோயாளிக்கு எதற்குச் சர்க்கரைத் தண்ணீர் என்று அண்ணன் பதறினான். அப்போது டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை இப்போது வகுப்பிலும் சொல்கிறேன். "கார்த்திகை தீபத்துக்கு ஊர்ல கூட்டம் நெரியுதில்ல? கோயில் வாசல்ல முதல்ல தடுப்புக் கட்டை போடுவாங்க. கூட்டம் குறையாது, ஆனா உள்ளே இருக்கறவங்களுக்கு ஆபத்தில்ல. அதுதான் கால்சியம். அப்புறம் கூட்டத்தை மாட வீதியிலிருந்து சந்துகளுக்குள்ள திருப்பி விடுவாங்க. அதுதான் இன்சுலின். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள்ள தள்ளும். ஆனா சந்துக்குள்ள போனவங்க ஊரை விட்டுப் போகலியே, கொஞ்ச நேரத்துல திரும்பி வருவாங்க. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டு பஸ்ஸுல ஏத்தி அனுப்பினாத்தான் கூட்டம் குறையும். அதுக்கு யூரின் போகணும், மலத்துல போகணும், முடியலைன்னா டயாலிசிஸ்." பதற்றத்தில் நின்ற எங்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. உயிருக்குப் போராடுகிற வேளையில் குடும்பத்தைக் கூப்பிட்டு இவ்வளவு தெளிவாகச் சொன்ன டாக்டரம்மாவுக்கு என் கைகூப்பு.

இன்சுலின் வேலை செய்யப் பத்து, இருபது நிமிடம் ஆகும். நாலிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். சால்பியூட்டமாலை நெபுலைசரில் வைத்தீர்கள். "எனக்கு இளைப்பு இல்லையே சிஸ்டர்" என்று அப்பா முகமூடிக்குள்ளிருந்து கேட்டார். ஆஸ்துமாவுக்குத் தருகிற அதே மருந்து பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும் என்று சொல்லி, கை நடுங்கும், படபடப்பு வரும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே எச்சரித்தீர்கள். இரண்டும் வந்தன. அவர் பயப்படவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கும் நன்றி.

ஆய்வகத்துத் தம்பியை நான் பார்த்ததே இல்லை. ரத்தம் போய்ச் சேர்ந்ததும் முடிவைத் தாளில் அடித்து யாராவது வந்து வாங்கட்டும் என்று அவர் வைத்திருக்கலாம். போனில் கூப்பிட்டு, "சிஸ்டர், பொட்டாசியம் 7.2, ரத்தம் உடையல, ரெண்டு தடவ ஓட்டிட்டேன்" என்று சொன்னார். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். கையை இறுகக் கட்டி, விரலை மூடி மூடித் திறக்கச் சொன்னால்கூட எண் கூடும். அது பொய் எண்ணா, மெய் எண்ணா என்று அவரே உறுதி செய்துவிட்டுப் பேசினார். தம்பி, எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

விடியும் வரை ஒவ்வொரு மணிக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்களே, அதன் காரணமும் பிறகுதான் புரிந்தது. சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கரையாது. பொட்டாசியத்துக்குப் போட்ட ஊசி பல மணி நேரம் கழித்துச் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். நாலு மணிக்கு அப்பா நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார், நாங்களும் நிம்மதியாகக் கண் அசந்தோம். நீங்கள் எழுப்பிக் குத்தினீர்கள். 64. வேர்வைகூட வரவில்லை. மறுபடி குளுக்கோஸ் ஏற்றி, கால் மணியில் மறுபடி பார்த்து, 110 வந்த பிறகுதான் நகர்ந்தீர்கள். ஒரு ஆபத்தைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே இன்னொரு ஆபத்தைக் கொண்டுவரும் என்று தெரிந்து, அது வருவதற்கு முன் வாசலில் போய் நின்றீர்கள். இந்த மடலில் நான் மிகவும் நன்றி சொல்ல விரும்புவது அந்த நாலு மணி ஊசிக்குத்தலுக்குத்தான்.

டயாலிசிஸ் இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். ஃப்யூரோசமைடு ஊசிக்கு அப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. காலையில் பொட்டாசியம் 5.8. இயந்திரம் தேவைப்படவில்லை. அதையும் கைவசம் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு வேலை வைக்காமல் போனது எங்கள் பாக்கியம்.

அதன் பிறகு வந்தது பொடி. வீட்டில் இப்போது எல்லாருக்கும் பழக்கமான கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட். கே-பைண்ட் என்ற பெயரில் பொட்டலமாக விற்கிறார்கள். தண்ணீரில் கரையாது. மணல் மாதிரி அடியில் தங்கும். கலக்கிய கையோடு குடித்துவிட வேண்டும். குடலுக்குள் போய்த் தன்னிடம் உள்ள கால்சியத்தைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். மெதுவான வேலை, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும். அவசரத்துக்கு உதவாது. ஆனால் அது பொட்டாசியத்தை உண்மையிலேயே உடம்பை விட்டு வெளியே கொண்டுபோகிறது. இதே வகையில் சோடியம் கலந்த பொடி அமெரிக்காவில் 1958இல் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் புதிதாக ஒன்றும் வரவில்லை. 2015இல் பாட்டிரோமர், 2018இல் சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் என்று இரண்டு அங்கே அனுமதி பெற்றன. பின்னது ஒரு மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கும். பழைய பொடியின் ருசியையும் மலச்சிக்கலையும் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளிய நோயாளிகளுக்கு இது பெரிய வரவு. விலைதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

பொடியை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஃபார்மசிஸ்ட் அக்கா நேரம் எடுத்துச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. அவர் அவசரப்படவில்லை. "மத்த மாத்திரைக்கும் இதுக்கும் மூணு மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லன்னா அந்த மாத்திரையையும் இது பிடிச்சுக்கும். ஜூஸ்ல கலக்காதீங்க, தண்ணிதான். ரெண்டு நாள் வெளிக்குப் போகலைன்னா உடனே வாங்க." மலச்சிக்கல் இதில் சாதாரண விஷயமல்ல. அபூர்வமாகக் குடலே புண்ணாகிவிடும். அதனால்தான் கூடவே லாக்டுலோஸ் சிரப்பும் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டின் பின்பக்கத்தில் சூரியன், நிலா படம் போட்டு எந்த நேரத்துக்கு எது என்று அவர் வரைந்து கொடுத்ததை அம்மா சாமி அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சிறுநீரக டாக்டர் செய்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. பொட்டாசியம் ஏறக் காரணமான மாத்திரைகளை நிறுத்தினார்கள். வலி மாத்திரை அடியோடு போனது, அதில் பேச்சே இல்லை. டெல்மிசார்டனை நாங்கள் குப்பையில் எறியப் போனோம். அவர் தடுத்தார். "இது உங்கப்பாவோட கிட்னியைக் காப்பாத்திக்கிட்டு இருக்கற மாத்திரைம்மா. இதை நிறுத்தினா பொட்டாசியம் இறங்கும், ஆனா டயாலிசிஸ் சீக்கிரம் வரும். கொஞ்ச நாள் விட்டு, குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிப்போம். பொடி கூட இருக்கட்டும். ரத்தம் மட்டும் சொன்ன தேதியில பாருங்க." பொடியின் உண்மையான பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட அது இடம் கொடுக்கிறது. உங்கள் கால்சியம் வாங்கித் தந்தது அரை மணி. இன்சுலின் சில மணி நேரம். பொடியும் மாத்திரையும் சேர்ந்து வாங்கித் தருவது வருடங்களாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றியும் நிறையக் கற்றுக்கொண்டோம். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கிறாள் அண்ணி. பொட்டாசியத்தில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடும். கீரைச் சாறும் காய்ச் சாறும் 'கிட்னிக்கு நல்லது' என்று கிரிவலப் பாதையில் வாங்கித் தருகிற அன்புள்ளங்களுக்கு இப்போது கும்பிடு போட்டு மறுத்துவிடுகிறோம். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிற பொட்டலத்தையும் வாங்குவதில்லை. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. உலக சுகாதார அமைப்பு 2025இல் அந்த வகை உப்பைப் பொதுவாகப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கியே சொன்னது. பொட்டலத்தில் அது பெரிய எழுத்தில், தமிழில், முன்பக்கம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கோரிக்கை என்று வந்த பிறகு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே வருகின்றன. 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். இவ்வளவு தூரம் வந்த அரசு இன்னும் இரண்டடி எடுத்து வைக்கட்டும். சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்து உள்ளவர்களுக்கு மாத்திரை தரும்போதே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் குறித்த இடைவெளியில் பார்த்துவிடட்டும். டயாலிசிஸைத் தள்ளிப்போடும் பொடி, புதிய வகை உட்பட, டயாலிசிஸ் கிடைப்பது போலவே ஏழைக்கும் தடையில்லாமல் கிடைக்கட்டும். கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் விலை அதிகமில்லாத மருந்து. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அதுவும் ஒரு ஈசிஜி கருவியும், அதைப் பார்த்ததும் புரிந்துகொள்கிற உங்களைப் போன்ற ஒருவரும் எந்த இரவிலும் இருக்க வேண்டும். செங்கத்திலோ ஜவ்வாது மலையிலோ இருப்பவருக்கு எங்களைப் போல ஆட்டோ தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை.

சிஸ்டர், கடைசியாக எடுத்த ரத்தத்தில் அப்பாவுக்குப் பொட்டாசியம் 4.9. காலையில் கடை திறக்கிறார், மத்தியானம் அண்ணன் வந்து மாற்றிவிடுகிறான். மலை சுற்றுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த ரிப்போர்ட் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் அவர். நீங்கள் கோயிலுக்கு வருகிற நாளில் எங்கள் கடையில்தான் தட்டு வாங்க வேண்டும், காசு வாங்க மாட்டேன் என்று அப்பா எழுதச் சொன்னார். டாக்டரம்மாவிடமும் ஃபார்மசிஸ்ட் அக்காவிடமும் ஆய்வகத்துத் தம்பியிடமும் இதே செய்தியைச் சொல்லிவிடுங்கள்.


அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரர் மகள்
திருவூடல் தெரு, திருவண்ணாமலை